ஒரு குரல் கோரஸ் ஆகுமா?

காலை வணக்கக் கூட்டம். நானூறு மாணவர்கள் சேர்ந்து தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிறார்கள். மதிலுக்கு வெளியே தெருவில் போகிறவர் உள்ளே எட்டிப் பார்க்கத் தேவையில்லை. "பலர் சேர்ந்து பாடுகிறார்கள்" என்று காதால் கேட்டே சொல்லிவிடுவார். அதே பாடலை ஒரே ஒருவர் ஒலிபெருக்கி வைத்து எவ்வளவு உரக்கப் பாடினாலும், "ஒருவர்தான் பாடுகிறார்" என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். காது இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்தக் கேள்வியை ஒரு சோதனையாகவே செய்து பார்க்கலாம். கைபேசியில் "ஆ…" என்று ஒரே சுருதியில் ஐந்து நொடி பாடிப் பதிவு செய்யுங்கள். பள்ளிக் கணிப்பொறியில் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் இருந்தால், அந்தப் பதிவைப் பதினாறு நகல் எடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒலிக்க விடுங்கள். பதினாறு பேர் பாடுவதுபோல் கேட்குமா?

கேட்காது! நீங்கள் ஒருவரே காதருகில் வந்து கத்துவதுபோல்தான் கேட்கும். போதாக்குறைக்குக் கரகரவென்று இரைச்சலும் சேரும்.

ஆனால், வீட்டில் மின்னணுக் கீபோர்டு வைத்திருக்கும் நண்பரிடம் போய்ப் பாருங்கள். "கொயர்" என்று எழுதியுள்ள பொத்தானை அழுத்திவிட்டு ஒரே ஒரு கட்டையைத் தொடுகிறார். ஒரு பாடகர் குழுவே எழுந்து நின்று பாடுவதுபோல் ஒலிக்கிறது. உங்கள் பதினாறு நகல்களால் முடியாதது அந்தச் சிறு பெட்டியால் எப்படி முடிந்தது? வாருங்கள், பார்ப்போம்.

நகலும் கூட்டமும்

ஒலி காற்றில் நெருக்கமும் நெகிழ்வுமாகப் பரவுகிறது என்று படித்திருக்கிறீர்கள். அதை வரைந்தால் முகடும் அகடும் மாறி மாறி வரும். உங்கள் பதினாறு நகல்களில் முதல் நகலின் முகடு எங்கே இருக்கிறதோ, அங்கேயே மற்ற பதினைந்தின் முகடுகளும் இருக்கின்றன. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அலையின் வீச்சு சரியாகப் பதினாறு மடங்கு ஆகிறது. அலையின் வடிவமோ மாறவே இல்லை. ஆகவே கிடைப்பது பெரிய ஒரு குரல். பல குரல்கள் அல்ல. இவ்வளவு பெரிய அலையைக் கணிப்பொறியால் தாங்க முடிவதில்லை. தன்னால் எழுதக்கூடிய மிகப் பெரிய எண்ணுக்கு மேலே போகும் உச்சிகளை அது வெட்டிவிடுகிறது. நீங்கள் கேட்ட கரகரப்புக்குக் காரணம் இதுதான்.

உண்மையிலேயே பதினாறு பேர் பாடும்போது என்ன நடக்கிறது? எல்லோரும் ஒரே சுருதியில் பாடுவதாகத்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஒருவர் நொடிக்கு 220 அதிர்வுகளில் பாட, பக்கத்தில் நிற்பவர் 222 அதிர்வுகளில் பாடுகிறார். இருவரின் முகடுகளும் ஒரு கணம் சேர்ந்து வரும். மறுகணம் ஒருவரின் முகடு மற்றவரின் அகட்டில் விழும். அதனால் ஒலி ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை இயற்பியலில் 'விம்மல்' என்கிறோம். 220க்கும் 222க்கும் வேறுபாடு 2. ஆகவே நொடிக்கு இரண்டு விம்மல்.

இது இரண்டு பேருக்கு. பதினாறு பேரில் எத்தனை ஜோடிகள் உண்டு? 16ஐ 15ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 120. அந்த 120 ஜோடிகளும் வெவ்வேறு வேகத்தில் விம்முகின்றன. ஆற்றில் வெயில் பட்டு மினுங்குவதுபோல், அந்த ஒலி ஓயாமல் மினுங்குகிறது. காது தேடுவது இந்த மினுக்கத்தைத்தான்.

இன்னொரு விந்தையும் இதில் உண்டு. முகடுகள் ஒத்துப்போகாததால், பதினாறு பேரின் கூட்டு அலையின் வீச்சு பதினாறு மடங்கு ஆவதில்லை. சராசரியாக நான்கு மடங்குதான் ஆகிறது. பதினாறின் வர்க்கமூலம் நான்கு அல்லவா? இந்த வேறுபாட்டோடு இன்னும் பலவும் சேர்கின்றன. ஒருவர் சற்று முந்தித் தொடங்குகிறார், ஒருவர் பிந்துகிறார். பயிற்சி பெற்ற குரலில் நொடிக்கு 5 முதல் 7 வரை சிறு அசைவுகள் இருக்கும். ஒருவர் அசைவு இன்னொருவர் அசைவோடு பொருந்துவதில்லை. மூச்சு விடும் இடமும் ஆளுக்கு ஆள் வேறு.

ஆகக் கூட்டத்தைக் கூட்டமாக்குவது அவர்கள் ஒன்றுபடுவது மட்டுமன்று. ஒன்றுபட முயன்றும் மிச்சம் இருக்கிற சிறு சிறு வேறுபாடுகள்தாம். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இனி வரப்போகும் கதை முழுவதும், அந்த வேறுபாட்டைப் பெட்டிக்குள் அடைக்க மனிதர் செய்த முயற்சிகளின் கதைதான்.

நாடாவில் கட்டிய குழு

முதல் முயற்சி ஒலிநாடா காலத்தில் நடந்தது. 1963இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 'மெல்லோட்ரான்' என்ற கருவி உருவானது. அமெரிக்காவில் ஹாரி சேம்பர்லின் என்பவர் அதற்கு முன்பே செய்திருந்த ஒரு கருவியைப் பின்பற்றியது அது. பார்வைக்கு ஆர்மோனியம் போல் கட்டைகள் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா! வயலினோ, புல்லாங்குழலோ, பாடகர் குழுவோ, அந்தந்தச் சுரத்தை வாசித்தும் பாடியும் அந்த நாடாக்களில் முன்கூட்டியே பதிவு செய்திருப்பார்கள். கட்டையை அழுத்தினால் நாடா நகர்ந்து, பதிவான ஒலி கேட்கும். விட்டுவிட்டால் சுருள்வில் நாடாவைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். 1970இல் வந்த எம்400 என்ற வகையில் 35 கட்டைகள், ஆகவே 35 நாடாக்கள்.

இதில் ஒரு குறை. நாடாவின் நீளம் ஏறத்தாழ எட்டு நொடிக்குத்தான் போதும். அதற்குமேல் கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தாலும் பயனில்லை. பாட்டு பாதியில் நின்றுவிடும்.

இந்தக் குறையைத் தாண்ட ஒரு வழியை 1975இல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில் நான்கு இளைஞர்கள் கண்டார்கள். '10சிசி' என்பது அவர்கள் இசைக்குழுவின் பெயர். 'ஐ ஆம் நாட் இன் லவ்' என்ற பாடலுக்குப் பின்னணியாக முடிவே இல்லாமல் நீளும் மாபெரும் கோரஸ் ஒன்று தேவைப்பட்டது. பாடகர் குழுவை அழைக்கவில்லை. தாங்களே பாடுவது என்று முடிவு செய்தார்கள்.

எரிக் ஸ்டூவர்ட் பதிவு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். மற்ற மூவரும் மைக்கின் முன் நின்று ஒரு சுரத்தை "ஆ…" என்று பாடினார்கள். அதே சுரத்தை மறுபடி பாடினார்கள். இப்படிப் பதினாறு முறை! மூவர் பதினாறு முறை பாடினால் 48 குரல்கள். பிறகு அடுத்த அரைச்சுரம். அதுவும் பதினாறு முறை. ஒரு ஸ்தாயி முழுவதும், இரு முனைகளும் சேர்த்து, 13 சுரங்கள். 48ஐ 13ஆல் பெருக்கிப் பாருங்கள்: 624 குரல்கள். பாடியவர்கள் மூன்றே பேர்!

ஏன் பதினாறு முறை பாட வேண்டும்? ஒருமுறை பாடி நகல் எடுத்திருக்கலாமே? விடை உங்களுக்கு இப்போது தெரியும். ஒரே மனிதன் ஒரே சுரத்தை இரண்டாம் முறை பாடும்போது அது முதல் முறை போல் இருப்பதில்லை. அந்த மாறுபாடே விம்மலைத் தருகிறது.

பிறகு ஒவ்வொரு சுரத்தின் பதிவையும் ஏறத்தாழ 12 அடி நீள நாடாவாக வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினார்கள். வளையத்துக்கு முடிவு ஏது? அது சுற்றிக்கொண்டே இருக்கும். கோரஸ் பாடிக்கொண்டே இருக்கும். இப்படிக் கிடைத்த 13 சுரங்களையும் 16 தடங்கள் கொண்ட நாடாவில் 13 தடங்களாகப் பதித்தார்கள். ஒவ்வொரு தடத்துக்கும் ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு நழுவுகட்டை உண்டு. அந்தக் கட்டைகளைப் பலர் சேர்ந்து ஏற்றியும் இறக்கியும் ஒலிப்பதிவு மேசையையே ஓர் இசைக்கருவியாக வாசித்தார்கள். குரல்களை மட்டும் பதிவு செய்ய மூன்று வாரங்கள் ஆயின. அந்தப் பாடல் அவ்வாண்டு பிரிட்டனில் முதலிடம் பெற்றது.

இன்று வீட்டில் கணிப்பொறி வைத்து இசையமைப்பவர் ஒரு கட்டையை அழுத்திக் கோரஸைப் பெறும்போது, அந்த மூன்று வார உழைப்பைத்தான், வேறு யாரோ தமக்காக முன்கூட்டிச் செய்துவைத்த வடிவில், பயன்படுத்துகிறார்.

ஒலி எண்ணாகிறது

நாடாவுக்குப் பதில் எண்கள் வந்ததும் வேலை எளிதாயிற்று. ஒலியலையின் உயரத்தை மிகக் குறுகிய இடைவெளிகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைப்பதே 'சாம்ப்ளிங்', அதாவது மாதிரி எடுத்தல். அரிசி மூட்டையில் ஒரு பிடி எடுத்துத் தரம் பார்ப்பதுபோல், அலை முழுவதையும் எடுக்காமல் அங்கங்கே ஒரு புள்ளி எடுக்கிறோம். பிறகு அந்தப் புள்ளிகளைக் கொண்டே அலையைத் திரும்ப வரைகிறோம்.

எத்தனை புள்ளிகள் எடுத்தால் போதும்? ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுத்தால் போதும். ஹாரி நைக்விஸ்ட் 1928இல் இதற்கு அடிப்படை இட்டார். கிளாட் ஷானன் 1949இல் இதைத் தெளிவாக நிறுவினார். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆகவேதான் 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் வைத்தார்கள். ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் எண். 65,536 உயரங்களில் ஒன்றை அது குறிக்கும்.

அதற்குச் சற்று முன், 1979இல், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இருவர் 'ஃபேர்லைட்' என்ற கணிப்பொறி இசைக்கருவியை வெளியிட்டார்கள். வெளியே உள்ள எந்த ஒலியையும் மைக் வழியே உள்ளே வாங்கி, அதைக் கட்டைகளில் வாசிக்கலாம். ஆனால் ஒரு குரலுக்கு அதில் இருந்த நினைவகம் 16 கிலோபைட்டுதான். ஒவ்வொரு மாதிரியும் 8 பிட். நொடிக்கு 16,000 மாதிரி வீதம் எடுத்தால், ஏறத்தாழ ஒரே ஒரு நொடி ஒலியைத்தான் அடக்க முடியும். அப்படி இருந்தும், அதன் ஒலிக் களஞ்சியத்தில் இருந்த மூச்சுக் கலந்த ஒரு "ஆ" எண்பதுகளின் பாடல்கள் பலவற்றில் இடம் பிடித்தது.

அணில் குரல் ஏன் வருகிறது?

ஒரே ஒரு சுரத்தைப் பாடிப் பதிவு செய்துவிட்டு, அதையே வேகமாக ஓட்டினால் மேல் சுரம், மெதுவாக ஓட்டினால் கீழ்ச் சுரம் கிடைக்கும். இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால் சரியாக ஒரு ஸ்தாயி ஏறும். அப்படியானால் ஒரு பதிவே எல்லாக் கட்டைகளுக்கும் போதுமே? செய்து பாருங்கள், சிரிப்பு வந்துவிடும். மனிதக் குரல் அணில் குரலாகிவிடும்! அமெரிக்காவில் ராஸ் பாக்தசாரியன் என்பவர் 1958இல் இதையே வேடிக்கையாகப் பயன்படுத்தினார். பாதி வேகத்தில் பதிவு செய்து, முழு வேகத்தில் ஓட்டி, அணில்கள் பாடுவதாக ஒரு பாடலை வெளியிட்டார்.

இதன் காரணத்தை அறிய, குரல் பிறக்கும் விதத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தி அதிர்கிறது; குடம் அந்த ஒலியை வளமாக்குகிறது. நம் குரலிலும் இரண்டு பாதிகள் உண்டு. குரல் நாண்கள்தாம் தந்தி. தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய்தான் குடம். நாண்கள் நொடிக்கு 110 முறை அதிர்ந்தால் 110 மட்டுமல்லாமல் 220, 330, 440 என்று அதன் மடங்குகளான மேற்சுரங்களும் பிறக்கின்றன. குழாய் அவற்றுள் சிலவற்றை ஒத்ததிர்வால் உயர்த்திக் காட்டுகிறது, மற்றவற்றை அடக்கிவிடுகிறது.

வளர்ந்த ஆணின் குரல் குழாய் ஏறத்தாழ 17 செ.மீ. நீளம். ஒரு முனை மூடிய குழாய்க்கான கணக்கைப் போட்டால், அதன் முதல் ஒத்ததிர்வு 500 ஹெர்ட்ஸ் அளவில் வரும். நாக்கையும் உதட்டையும் அசைத்துக் குழாயின் வடிவத்தை மாற்றினால் ஒத்ததிர்வுகளும் இடம் மாறும். "ஆ" என்னும்போது 700, 1,100 ஹெர்ட்ஸை ஒட்டியவை ஓங்கும். "ஈ" என்றால் 300, 2,300 அளவில் ஓங்கும். "ஊ" என்றால் 300, 900 அளவில். உயிரெழுத்துகளைக் காது இவற்றைக் கொண்டே பிரித்தறிகிறது.

இப்போது அணிலுக்கு வருவோம். நீங்கள் ஒரு ஸ்தாயி ஏற்றிப் பாடினால் குரல் நாண்கள் இரு மடங்கு வேகமாக அதிர்கின்றன. ஆனால் உங்கள் வாயும் தொண்டையும் பாதியாகச் சுருங்கிவிடுவதில்லை. பதிவை வேகமாக ஓட்டும்போதோ எல்லாமே இரட்டிக்கின்றன. 700இல் இருந்த ஒத்ததிர்வு 1,400க்குப் போய்விடுகிறது. 17 செ.மீ. குழாய் எட்டரை செ.மீ. ஆனதுபோல் காதுக்குத் தோன்றுகிறது. இவ்வளவு சிறிய தொண்டை எந்த மனிதனுக்கு உண்டு? ஆகவே காது, "இது சிறு பிராணி" என்று தீர்ப்பளிக்கிறது.

இதற்குப் பரிகாரம் பொறுமைதான். பாடகர் குழுவை ஒவ்வொரு சுரமாகவோ, மூன்று அரைச்சுரத்துக்கு ஒருமுறையோ பாடச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். அப்போது எந்தப் பதிவையும் ஓர் அரைச்சுரத்துக்கு மேல் இழுக்கத் தேவையில்லை. ஓர் அரைச்சுரம் என்பது வேகத்தில் ஆறு சதவீத மாற்றமே. காது அதைப் பொறுத்துக்கொள்ளும்.

ஒரு கட்டைக்குள் எத்தனை பதிவு?

பொறுமை இத்தோடு முடிவதில்லை. மெல்லப் பாடும் குரலைச் சத்தமாக வைத்தால் அது உரக்கப் பாடும் குரல் ஆகிவிடாது. உரக்கப் பாடும்போது உயர்ந்த மேற்சுரங்கள் கூடி, குரலின் நிறமே மாறும். ஆகவே மெல்ல, நடுத்தரம், உரக்க என்று மூன்று முறை பதிய வேண்டும். "ஆ", "ஊ", "ம்" என்று மூன்று ஒலிகள் வேண்டும். கணக்குப் போடுவோமா?

மூன்று ஸ்தாயிகளில் 36 அரைச்சுரங்கள். மூன்றுக்கு ஒன்று வீதம் 12 பதிவுகள். மூன்று அழுத்தங்கள், மூன்று ஒலிகள் என்று பெருக்கினால் 108 பதிவுகள். ஒவ்வொன்றும் எட்டு நொடி என்றால் மொத்தம் 864 நொடிகள். குறுந்தகட்டுத் தரத்தில், இடம் வலம் இரண்டும் சேர்த்து, ஒரு நொடிக்கு 1,76,400 பைட் தேவை. பெருக்கினால் ஏறத்தாழ 152 மெகாபைட். ஃபேர்லைட்டின் 16 கிலோபைட்டைப் போல் ஒன்பதாயிரம் மடங்குக்கும் மேல்! பெண்களின் மேல்குரல், கீழ்க்குரல், ஆண்களின் மேல்குரல், கீழ்க்குரல் என்று நான்கு பிரிவாக இதையே செய்தால் 600 மெகாபைட்டைத் தாண்டும். எண்பதுகளில் கனவாக இருந்த இந்த அளவு இன்று ஒரு விரல்நகம் அளவு நினைவகத்தில் அடங்கிவிடுகிறது. வீட்டு இசைக்கூடம் சாத்தியமானதற்கு இதுவே பெரிய காரணம்.

எட்டு நொடிக்கு மேல் சுரம் நீள வேண்டுமானால்? ஸ்டாக்போர்ட் இளைஞர்களின் வளையம்தான் இங்கும். பதிவின் ஒரு பகுதியைக் கணிப்பொறி திரும்பத் திரும்ப ஓட்டுகிறது. புல்லாங்குழலுக்கு மிகச் சிறிய வளையமே போதும். கோரஸுக்கு அது போதாது. வளையம் சிறிதாக இருந்தால் அதே விம்மல் திரும்பத் திரும்ப வரும். காது உடனே "இது இயந்திரம்" என்று கண்டுபிடித்துவிடும். ஆகவே கோரஸ் வளையம் பல நொடி நீளம் வேண்டும். ஒட்டிய இடம் தெரியாமல் இருக்க, ஒரு முனை தேயத் தேய மறு முனை எழும்படி செய்வார்கள்.

நண்பரின் கீபோர்டிலும் இப்படிச் செய்த பதிவுகளின் சுருக்கமான வடிவம்தான் இருக்கிறது. கருவிகளுக்குப் பொதுவாக 1991இல் வகுக்கப்பட்ட 128 ஒலிகளின் பட்டியலில் 53ஆவது கோரஸ் "ஆ". 54ஆவது குரல் "ஊ". உங்கள் பள்ளிக் கீபோர்டில் தேடிப் பாருங்கள்.

கோரஸ் பேசுமா?

"ஆ" என்பது எளிது. "அம்மா" என்று கோரஸைப் பாட வைப்பதுதான் கடினம். "அ"வை ஒரு பதிவிலிருந்தும் "ம்"மை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டினால், துணியில் போட்ட ஒட்டுப்போல் பல்லிளிக்கும். ஏனெனில் நாம் பேசும்போது எழுத்துகள் தனித்தனியாக நிற்பதில்லை. "அ" முடியும் முன்பே உதடுகள் "ம்"முக்காக மூடத் தொடங்குகின்றன. ஒத்ததிர்வுகள் வழுக்கிக்கொண்டே போகின்றன. ஆகவே எழுத்துகளை அல்ல, ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்குப் போகும் பாதைகளைப் பதிவு செய்ய வேண்டும்.

யமஹா நிறுவனம் 2003இல் அறிவித்து, மறு ஆண்டு விற்பனைக்கு வந்த 'வோகலாய்டு' என்ற மென்பொருள் இந்த வழியில் நடந்தது. சொற்களையும் சுரங்களையும் எழுதிக் கொடுத்தால் தனிக்குரல் ஒன்று பாடும். 2007இல் ஜப்பானில் இதைக் கொண்டு வெளியான 'ஹட்சுனே மிகு' என்ற கற்பனைப் பாடகிக்கு உலகெங்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் மிகுவின் குரல் கற்பனை அல்ல. சாகி ஃபுஜிதா என்ற நடிகையின் குரலைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து உருவாக்கியது அது.

வீட்டில் இசையமைப்பவர் அறிய வேண்டியவை

நல்ல பதிவு கையில் இருந்தும் பலருடைய கோரஸ் உயிரில்லாமல் ஒலிக்கிறது. காரணங்கள் எளியவை.

முதலாவது, மனிதர் மூச்சு விட வேண்டும். கணிப்பொறிக் குழு அரை மணி நேரமும் "ஆ" என்று நிற்கும். கேட்பவருக்குத்தான் மூச்சு முட்டும். அடிக்கு அடி சிறு இடைவெளி விட வேண்டும்.

இரண்டாவது, ஆள்கணக்கு. 40 பேர் பாடிய பதிவை நான்கு கட்டைகளில் ஒரே நேரம் அழுத்தினால் 160 பேர் ஆகிவிடுகிறார்கள்! உண்மையான குழுவில் அதே 40 பேர் நான்காகப் பிரிந்து, சுரத்துக்குப் பத்துப் பேராக நிற்பார்கள். கட்டைகள் கூடக் கூட ஒலியைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, எல்லை. பெண்களின் மேல்குரல் பிரிவை ஆண்களின் கீழ்க்குரல் வரைக்கும் இழுத்தால் எந்த மனிதரும் பாட முடியாத ஒலி வரும். அணில் கதையின் மறுபக்கம் அது.

நான்காவது, இடம். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. மூன்றரை மீட்டர் பின்னால் நிற்பவர் குரல் நொடியில் நூறில் ஒரு பங்கு பிந்தி வரும். மண்டபத்தின் சுவர்களில் பட்டு வருவது இன்னும் பிந்தும். இந்தப் பிந்தல்களைக் கணக்கிட்டுச் சேர்த்தால் சிறு அறையில் செய்த இசைக்கு மண்டபத்தின் விரிவு கிடைக்கும்.

குரல் யாருடையது?

ஒன்றைக் கவனித்தீர்களா? நாடா, எண், வளையம் என்று எதைச் செய்தாலும், தொடக்கத்தில் ஒரு மனிதர் மைக்கின் முன் நின்று பாடியே ஆகவேண்டும். அப்படிப் பாடியவருக்கு உரிய பெயரும் பணமும் போய்ச் சேர்கிறதா?

1980இல் அமெரிக்கப் பாடகி லோலியாட்டா ஹாலோவே ஒரு பாடலைப் பாடினார். 1989இல் இத்தாலியைச் சேர்ந்த ஒரு குழு அந்தக் குரலைத் துண்டுகளாக எடுத்துத் தங்கள் பாடலில் சேர்த்தது. அந்தப் பாடல் பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. மேடையில் வாயசைத்தவர் வேறொருவர். ஹாலோவே வழக்கறிஞரை நாடிய பின்னரே அவருக்கு ஈடு கிடைத்தது.

இன்று சில நிமிடக் குரல் பதிவைக் கொண்டே, அவர் பாடாத பாட்டைப் பாடும்படி கணிப்பொறியைப் பழக்க முடிகிறது. ஆகவே இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. வகுப்புத் தோழனின் குரலைப் பதிவு செய்யும் முன் அவனைக் கேளுங்கள். பாட்டை வெளியிடும்போது அவன் பெயரையும் போடுங்கள். பெரியவர்களுக்கும் இதுதான் விதி.

செய்து பாருங்கள்

கைபேசி ஒன்று, காதணிக் கேட்பான் ஒன்று, நண்பர்கள் எட்டுப் பேர். இவை போதும். கீபோர்டிலோ சுருதிப் பெட்டியிலோ ஒரு சுரத்தைப் பதிவு செய்து, அதைக் காதில் கேட்டபடி ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பத்து நொடி "ஆ" பாட வேண்டும். தொடக்கத்தில் ஒரு கைதட்டலையும் சேர்த்துப் பதிந்தால், பின்னர்ப் பதிவுகளை நேர்ப்படுத்துவது எளிது. எல்லோருக்கும் வசதியான சுரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்று கலவைகள் செய்யுங்கள். முதலாவதில் ஒருவரின் ஒரு பதிவையே எட்டு நகலாக அடுக்குங்கள். ஒலி வெட்டுப்படாதபடி ஒவ்வொன்றின் அளவையும் குறைத்துவிடுங்கள். இரண்டாவதில் அதே ஒருவரை எட்டு முறை பாட வைத்து அடுக்குங்கள். மூன்றாவதில் எட்டுப் பேரின் எட்டுப் பதிவுகளையும் அடுக்குங்கள். மூன்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டு வந்து, எது எது என்று சொல்லாமல் ஆசிரியரிடம் போட்டுக் காட்டுங்கள்.

முதலாவது ஒரு குரல். இரண்டாவதில் விம்மல் பிறக்கும். கூட்டம் போலத் தோன்றும். ஆனால் எட்டுச் சகோதரர்கள் பாடுவதுபோல் ஒரே நிறமாக இருக்கும். எட்டு முறையும் பாடியது ஒரே தொண்டையும் ஒரே வாயும்தானே? மூன்றாவதில்தான் உங்கள் காலை வணக்கக் கூட்டம் கேட்கும்.

அந்த எட்டுப் பதிவுகளில் ஒன்று சற்றுச் சுருதி விலகி இருக்கலாம். அதைத் திருத்த மென்பொருளில் வசதி உண்டு. எட்டையும் சரியாக 220 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து கேட்டுப் பாருங்கள். கூட்டம் மெலிந்து, மினுக்கம் மங்கிப் போவதை உணர்வீர்கள். பிறகு பழையபடியே விட்டுவிடுவீர்கள். அடுத்த முறை வணக்கக் கூட்டத்தில், "என் குரல் மற்றவர்களைப் போல் இல்லையே" என்று வாய்க்குள் முணுமுணுக்கும் நண்பனிடம் சொல்லுங்கள்: கூட்டத்துக்குத் தேவைப்படுவதே அந்த வேறுபாடுதான். தைரியமாகப் பாடட்டும்!